கடலடி நிலநடுக்கமும் வீட்டு அலாரமும்: எந்தக் கோளாறுக்கு எதைப் பார்க்க வேண்டும்

எங்கள் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பென்சிலால் கோடு போட்ட மூன்று பத்திகள்: நிலநடுக்க எச்சரிக்கை அலாரம் அடித்த நேரம், முதல் அதிர்வு தெரிந்த நேரம், பலமாக ஆடத் தொடங்கிய நேரம். கடலுக்கடியில் நிலம் நடுங்கி வீடு ஆடும் ஒவ்வொரு முறையும், ஆட்டம் அடங்கிய பிறகு யாராவது ஒருவர் போய் அதை நிரப்புவோம். கை நடுக்கத்தில் சில எண்கள் கோணலாக விழுந்திருக்கின்றன. சில கட்டங்கள் காலியாகவே இருக்கின்றன. எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவை அந்தக் காலிக் கட்டங்கள்தான். அலாரம் கெட்டுவிட்டது என்று நான் சலித்துக்கொண்ட பல நேரங்களில் அது தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. நன்றாக இருக்கிறது என்று நம்பி நிம்மதியாகத் தூங்கிய சில மாதங்களில் அது உயிரற்றுக் கிடந்தது.

ஆகவே, கருவியில் கை வைக்குமுன் இப்படி ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த மூன்று நேரங்களை வைத்துத்தான்.

கூடவே ஒரு சின்னக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். நிலநடுக்கம் கிளம்பும் இடத்திலிருந்து இரண்டு வகை அலைகள் புறப்படுகின்றன. பி அலை விநாடிக்கு 6 முதல் 7 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே ஓடி வந்து லேசாகக் குத்தும். எஸ் அலை விநாடிக்கு 3.5 முதல் 4 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வந்து வீட்டைப் பிடித்து உலுக்கும். மையம் கரையிலிருந்து 150 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பி அலை கரைக்கு வர ஏறக்குறைய 23 விநாடி, எஸ் அலைக்கு 40 விநாடி. கரையோரக் கருவிகள் பி அலையைப் பிடித்து, கணினி கணக்குப் போட்டு, செய்தி உங்கள் வீட்டுக்கு வர ஐந்தாறு விநாடி போய்விடும். மிச்சம் பதினொன்றோ பன்னிரண்டோ விநாடி. அலாரத்தால் தர முடிந்தது அவ்வளவுதான். மையம் 30 கிலோமீட்டரில் இருந்தால் அதுவும் இல்லை.

ஆடத் தொடங்கிய பிறகுதான் அலாரம் அடிக்கிறது

தாளைப் பாருங்கள். முதல் குத்துக்கும் பலத்த ஆட்டத்துக்கும் இடையே எத்தனை விநாடி? அதை எட்டால் பெருக்கினால், மையம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருந்தது என்பது தோராயமாகக் கிடைக்கும். மூன்று விநாடி என்றால் 24 கிலோமீட்டர். அவ்வளவு அருகில் கிளம்பும் நடுக்கத்தை முந்திக்கொண்டு எச்சரிக்கை வரும் என்று எதிர்பார்க்க முடியாது. கருவியைக் கழற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

மெக்சிகோ நகரத்தார் இதை 12 நாள் இடைவெளியில் இரு விதமாகவும் அனுபவித்தார்கள். 2017 செப்டம்பர் 7 அன்று தெற்கே தெஹுவான்டெபெக் வளைகுடாவில் 8.2 அளவு நிலநடுக்கம். தொலைவு அதிகம் என்பதால் நகரத்துக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் அவகாசம் கிடைத்தது. செப்டம்பர் 19 அன்று 7.1 அளவு நிலநடுக்கம் அருகிலேயே, நிலத்துக்கு அடியில் கிளம்பியது. சைரன் ஒலித்தபோதே தரை ஆடிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் அன்று காலையில்தான், 1985 நிலநடுக்கத்தின் நினைவு நாளுக்காக, நகரம் முழுவதும் ஒத்திகை நடத்தி முடித்திருந்தார்கள். இரண்டு நாளிலும் இருந்தது அதே எச்சரிக்கை அமைப்புதான். மாறியது தொலைவு மட்டும்.

இடைவெளி பத்து விநாடிக்கு மேல் இருந்தும் அலாரம் தாமதித்தால், வழியில் எங்கோ தடை இருக்கிறது என்று பொருள். முதலில், அதே அறையில் இருந்த செல்போன் எப்போது அலறியது என்று கேளுங்கள். போன் முந்தி, சுவரில் மாட்டிய கருவி பிந்தியிருந்தால் செய்தி நேரத்துக்கு வந்துவிட்டது, தாமதம் உங்கள் வீட்டுக்குள்தான். இணையம் வழியாக இயங்கும் கருவியை வைஃபையில் விடாமல் ரவுட்டரோடு கம்பி வழியாக இணையுங்கள். பாதி வீடுகளில் கோளாறு இதோடு தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். எச்சரிக்கைச் செயலியை நம்பியிருப்பவர்கள் போனின் பேட்டரி சிக்கன அமைப்பைத் திறந்து பார்க்க வேண்டும். போன் தன் பேட்டரியைக் காப்பாற்றுவதற்காகச் செயலியை உறங்கவைத்துவிடும். திரையைத் தொடும்போதுதான் செய்தி வந்து விழும். அந்தச் செயலிக்கு மட்டும் விலக்கு கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது, விநாடி எண்ணிச் சொல்லும் கருவிகள். இவை மையத்தின் இருப்பிடத்தையும் உங்கள் வீட்டின் இருப்பிடத்தையும் வைத்துக் கணக்குப் போடுபவை. எங்களுடையது கைமாறி வந்த கருவி. ஒரு நாள் அது 18 விநாடி என்று எண்ணத் தொடங்கியது. 11 என்று சொல்லும்போதே அலமாரியில் இருந்த கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கிவிட்டன. மறுநாள் அமைப்புகளைத் திறந்து பார்த்தால், அட்சரேகை தீர்க்கரேகை இரண்டும் பழைய உரிமையாளர் வீட்டுடையவை. இரண்டு மாதமாக அது வேறு யாருடைய வீட்டுக்காகவோ எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. வீடு மாறியவர்களும், பழைய கருவி வாங்கியவர்களும் முதல் வேலையாக இதைப் பார்த்துவிடுங்கள். கருவியின் கடிகாரம் இணைய நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்பதையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளலாம்.

கடலடி நடுக்கங்களில் இன்னொரு தாமதமும் உண்டு. அது நம் கையில் இல்லை. உணரிகள் எல்லாம் கரையில் இருந்தால், பி அலை கடலைக் கடந்து வரும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. அதற்காகத்தான் ஜப்பான், 2011 நிலநடுக்க, சுனாமிப் பேரழிவுக்குப் பிறகு, ஜப்பான் அகழி என்ற ஆழ்கடல் பள்ளம் நெடுகக் கடலடியில் 150 நிலையங்களைக் கம்பிவடத்தால் கோத்து எஸ்-நெட் என்ற வலையை அமைத்தது. அந்தத் தரவு 2019 முதல் எச்சரிக்கைக் கணக்கில் சேர்க்கப்படுகிறது. இப்படிக் கடலடி உணரிகள் உள்ள கரையில் நீங்கள் இருந்தால், அகழியோர நடுக்கங்களுக்குப் பல விநாடிகள் கூடுதலாகக் கிடைக்கும். இல்லாத கரையில் கருவியை எவ்வளவு துடைத்து வைத்தாலும் அந்த விநாடிகள் வராது.

பலமாக ஆடியது, அலாரம் அடிக்கவே இல்லை

நான் மிகவும் அஞ்சும் அறிகுறி இது. மூன்று காரணங்கள் இருக்கலாம். மூன்றையும் விடாமல் பார்த்துவிட வேண்டும்.

முதலாவது, வரம்பு. எச்சரிக்கை என்பது எல்லா நடுக்கத்துக்கும் வருவதில்லை. ஜப்பானில் 5-கீழ் என்ற அதிர்வு நிலையோ அதற்கு மேலோ வரும் என்று கணித்தால்தான் பொது எச்சரிக்கை (அதிர்வு நிலை என்பது ஓர் இடம் எவ்வளவு ஆடுகிறது என்பதைச் சொல்வது, நடுக்கத்தின் அளவு வேறு). அப்போதும் 4-ஆம் நிலையோ அதற்கு மேலோ எதிர்பார்க்கப்படும் பகுதிகளுக்கு மட்டுமே போகும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் போன் கோபுரங்கள் வழியாக வரும் எச்சரிக்கைக்கு அளவு 5.0 தொட வேண்டும், மைஷேக் செயலிக்கோ 4.5 போதும். உங்கள் கருவியில் நீங்களே வரம்பு வைக்க முடியுமானால், அது எதில் நிற்கிறது என்று பாருங்கள். நள்ளிரவில் சின்ன நடுக்கத்துக்கெல்லாம் அடிக்கிறதே என்று எரிச்சலில் யாராவது வரம்பை உயர்த்தியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த யாராவது நான்தான்.

இரண்டாவது, தொடக்கக் கணிப்பு குறைவாக இருப்பது. பெரிய நடுக்கம் ஒரே நொடியில் முடிந்துவிடுவதில்லை. 2011 மார்ச் 11, பிற்பகல் 2:46. முதல் பி அலை பிடிபட்டு ஒன்பது விநாடிக்குள் ஜப்பான் வானிலை ஆய்வு முகமை பொது எச்சரிக்கை விடுத்தது. சென்டாய் மக்களுக்குப் பலத்த அதிர்வுக்கு முன் 15 விநாடி அளவுக்கு அவகாசம் கிடைத்தது. ஆனால் கடலடிப் பிளவு அதற்குப் பிறகும் இரண்டு நிமிடத்துக்கு மேல் நீண்டுகொண்டே போனது. முதல் சில விநாடிகளை மட்டும் பார்த்த கணினிக்கு அது 9.0 அளவு நிலநடுக்கம் என்று தெரிய வழியில்லை. டோக்கியோ அந்த முதல் எச்சரிக்கையில் சேரவில்லை. 2024 ஏப்ரல் 3 அன்று தைவானின் ஹுவாலியென் அருகே கடலில் 7.2 அளவு நடுக்கம் வந்தபோதும் இதேதான் நடந்தது. முதல் கணிப்பு குறைந்துபோனதால் தலைநகர் தைபே வரம்புக்குள் வரவில்லை, அங்கே போன்கள் மௌனமாக இருந்தன. இதில் உங்கள் கருவியின் குற்றம் ஏதும் இல்லை. அலாரம் அடிக்கவில்லையே, பெரியதாக இருக்காது என்று நாம் முடிவு கட்டுவதுதான் குற்றம். காலடி ஆடினால் அதுவே எச்சரிக்கை.

மூன்றாவது, கருவியே செத்திருப்பது. ஒரு முறை, தாளில் முதல் பத்தி மட்டும் இரண்டு தடவை தொடர்ந்து காலியாக இருந்தது. சோதனைப் பொத்தானை அழுத்தினேன், கணீரென்று ஒலித்தது. அதை நம்பி மூடி வைத்துவிட்டேன். அந்தப் பொத்தான் ஒலிபெருக்கியை மட்டுமே சோதிக்கும், செய்தி வந்து சேரும் வழியைச் சோதிக்காது என்பது பிறகுதான் உறைத்தது. வானொலி அலையில் செய்தி பெறும் கருவி அது. சுத்தம் செய்யும்போது இடம் மாற்றி, இரும்பு அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தோம். அண்டெனாவுக்கு அலை எட்டவே இல்லை. பின்பக்க மூடியைத் திறந்தபோது மாற்று பேட்டரிகளில் ஒன்று கசிந்து, பிடிப்பான் கம்பிச்சுருளின் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. மின்சாரம் போயிருந்தால் ஒலிபெருக்கிகூட வேலை செய்திருக்காது. வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவைத்து, புது பேட்டரி போட்டு, ஜன்னலோரம் வைத்த பிறகுதான் சிக்னல் விளக்கு நிலையாக எரிந்தது.

ஆகவே பொத்தானோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் நாட்டில் எச்சரிக்கை ஒத்திகை நாள் எது என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அன்று அனுப்பப்படும் ஒத்திகைச் செய்திக்குக் கருவி அடிக்கிறதா என்று பாருங்கள். சில கருவிகளில் ஒத்திகைச் செய்தியை ஏற்கும் அமைப்பைத் தனியாக இயக்க வேண்டியிருக்கும். முழு வழியையும் சோதிக்கும் நம்பகமான சோதனை அது.

அலாரம் அடித்தது, ஒன்றும் ஆடவில்லை

கோபம் வரும். மேசைக்கடியில் புகுந்து, குழந்தைகளை இழுத்து அணைத்து, ஒரு நிமிடம் காத்திருந்து, ஒன்றும் நடக்காமல் எழுந்து வருவது களைப்பூட்டும். இருந்தாலும் உடனே கருவியை அணைத்துவிடாதீர்கள்.

பெரும்பாலும் நடுக்கம் உண்மையாக இருக்கும், உங்கள் இடத்துக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்திருக்கும். கணிக்கும் அதிர்வு நிலை ஒரு படி கூடவோ குறையவோ போவது இயல்பு. பாறைத் தரையில் நிற்கும் வீடு அசையாத நடுக்கத்தில், ஆற்று வண்டல் மீது நிற்கும் அண்டை வீடு ஆடும்.

உண்மையிலேயே பொய்யான எச்சரிக்கைகளும் வந்திருக்கின்றன. 2013 ஆகஸ்ட் 8 மாலை, ஜப்பானின் நாரா, ஒசாகா வட்டாரத்தில் பெரிய நடுக்கம் வருவதாகப் பரவலாக எச்சரிக்கை போனது. கணினி போட்ட கணக்கு 7.8. நடந்ததோ வகயாமாவில் 2.3 அளவு நடுக்கம். கடலடி உணரி ஒன்றில் அதே நேரத்தில் புகுந்த இரைச்சலை நில அதிர்வு என்று அமைப்பு எடுத்துக்கொண்டுவிட்டது. 2018 ஜனவரி 5 அன்று, இபராகி கடலிலும் தொலைவில் தொயாமாவிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்த இரண்டு நடுக்கங்களை ஒரே பெரிய நடுக்கமாகக் கணக்கிட்டு எச்சரிக்கை போனது. 2011-க்குப் பிந்தைய பின்னதிர்வுகளிலும் இப்படி நிறைய நடந்தது. பிறகு கணக்கிடும் முறைகளையே மாற்றினார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அடித்த நேரத்தைத் தாளில் எழுதி, உங்கள் நாட்டு நிலநடுக்க ஆய்வு நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அந்த நிமிடத்தில் நடுக்கம் பதிவாகியிருந்தால் கருவியில் குறை இல்லை. பதிவே இல்லை, அண்டை வீட்டாருக்கும் செய்தி வரவில்லை என்றால் உங்கள் கருவியில்தான் கோளாறு. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

கதவைச் சாத்தினாலே அடிக்கிறது

வெளியிலிருந்து செய்தி பெறாமல், தன்னுள்ளேயே உணரி வைத்துக்கொண்டு பி அலையைப் பிடிக்கும் கருவிகளுக்குத்தான் இந்த நோய். பலகைத் தடுப்பிலோ குளிர்சாதனப் பெட்டியின் தலையிலோ வைத்திருப்பீர்கள். குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் ஓடினாலே அது குலுங்கும். தரைத்தளத்தில், கட்டடத்தின் பாரம் தாங்கும் சுவரில், திருகாணி போட்டு இறுக்குங்கள். இருபக்க ஒட்டுநாடா போதாது. இடம் மாற்றிய பிறகு பக்கத்துக் கதவை ஓங்கிச் சாத்திப் பாருங்கள், தெருவில் லாரி போகும்வரை காத்திருந்தும் பாருங்கள்.

இந்த வகைக் கருவி தொலைதூரக் கடலடி நடுக்கத்தில் எஸ் அலைக்கு முன் சில விநாடி தரும். இணையமும் போன் கோபுரமும் விழுந்துவிட்டாலும் உழைக்கும். அதனால் தொல்லை என்று தூக்கி எறியாமல் இரண்டாவது காவலாக வைத்துக்கொள்வது நல்லது என்பேன்.

ஒரு போன் அலறுகிறது, பக்கத்துப் போன் சும்மா இருக்கிறது

அவசர எச்சரிக்கைகள் குறுஞ்செய்தி போல ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாக வருவதில்லை. கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பாகின்றன. விமான நிலையில் வைத்து வைஃபையில் மட்டும் ஓடும் போனுக்கு அது கேட்காது. சிம் இல்லாத டேப்லெட்டுக்கும் அப்படியே. வேறு நாட்டில் வாங்கிய சில போன்களில் நீங்கள் இருக்கும் நாட்டின் எச்சரிக்கை வசதி இல்லாமலும் இருக்கலாம். மற்றபடி அமைப்புகளில் அவசர எச்சரிக்கை என்ற பகுதி இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் மூத்தவர்களின் போனை நீங்களே வாங்கிப் பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அணைந்து கிடந்தது மாமியாரின் போனில்தான்.

மின்சாரம் போனதும் எல்லாம் ஊமையாகிவிடுகிறது

2022 மார்ச் 16 இரவு 11:34-க்கு ஃபுகுஷிமா கடலில் 6.1 அளவு நடுக்கம். அப்பாடா முடிந்தது என்று எழுந்தவர்களை இரண்டே நிமிடத்தில் 7.4 அளவு நடுக்கம் உலுக்கியது. டோக்கியோ வட்டாரத்தில் லட்சக்கணக்கான வீடுகள் இருளில் மூழ்கின. முதல் ஆட்டத்தில் மின்சாரம் போய்விடும் வீட்டை நினைத்துப் பாருங்கள். அலாரம் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரம் அடுத்து வரும் அந்த மணிக்கணக்குதான்.

கருவிக்கு பேட்டரி இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ரவுட்டருக்கு இருக்கிறதா? அதற்கு முன்னால் உள்ள ஒளியிழைப் பெட்டிக்கு? மூன்றில் ஒன்று அணைந்தாலும் செய்தி வராது. மூன்றையும் ஒரே யு.பி.எஸ்ஸில் இணையுங்கள். பிறகு ஒரு விடுமுறை நாளில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். எங்களுக்கு முதல் முயற்சியில் ஒன்பது நிமிடம்தான் தாங்கியது. பழைய பேட்டரியை மாற்றிய பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வந்தது. முதல் நடுக்கம் முடிந்ததும் அலாரத்தை அணைக்க வேண்டாம் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

அலாரம் அடிக்கவில்லை, மேல்மாடி மட்டும் கப்பல் போல ஆடுகிறது

தலைசுற்றல் என்றுதான் முதலில் தோன்றும். தொங்கும் விளக்கைப் பாருங்கள். தொலைவில் வந்த பெரிய கடலடி நடுக்கம், மெதுவான நீண்ட அலைகளை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அனுப்பும். தரையில் நடப்பவருக்கு ஒன்றும் தெரியாது, உயரமான கட்டடமோ அதற்கு இசைந்து ஊசலாடும். 2011-இல் மையத்திலிருந்து 700 கிலோமீட்டருக்கு அப்பால், தரையில் வெறும் 3-ஆம் நிலை அதிர்வு இருந்த ஒசாகாவில், 256 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்றின் உச்சி ஒரு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து பல நிமிடங்கள் ஆடியது. ஜப்பானில் 2023 பிப்ரவரி முதல் இந்த நீண்ட அலை ஆட்டத்தையும் கணித்துப் பொது எச்சரிக்கையில் சேர்க்கிறார்கள். மற்ற இடங்களில் மேல்தளத்தில் குடியிருப்பவர்கள், சக்கரம் வைத்த மேசைகளையும் உயரமான அலமாரிகளையும் இன்றே பூட்டி இறுக்கிவிடுவதுதான் வழி. ஆடும்போது லிஃப்டை நாட வேண்டாம்.

அலாரம் அடிக்கிறது, உடல் நகர மறுக்கிறது

இதையும் கோளாறாகவே எடுத்துக்கொள்ளுங்கள், இதற்கும் பழுது நீக்கம் உண்டு. எங்கள் தாளில் பல வரிசைகளில் எட்டு, பத்து விநாடி அவகாசம் இருந்தது. அதில் ஐந்து விநாடியை ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதிலேயே செலவழித்திருந்தோம். இப்போது ஒவ்வோர் அறைக்கும் ஒரே ஒரு செயல் என்று முடிவு செய்திருக்கிறோம். கூடத்தில் மேசைக்கடியில் புகுந்து காலைப் பிடித்துக்கொள்வது. படுக்கையில் குப்புறப் புரண்டு தலையணையால் தலையை மூடிக்கொள்வது. சமையலறையில் அடுப்பு கைக்கெட்டினால் அணைத்துவிட்டு விலகுவது, எட்டாவிட்டால் அணைக்க ஓடாமல் விலகுவது. வெளியே ஓடுவது எந்த அறைக்கும் இல்லை. கருவியின் சோதனைப் பொத்தானுக்கு நல்ல பயன் இதுதான்: மாதம் ஒரு முறை சொல்லாமல் அழுத்துகிறேன், அவரவர் இடத்துக்குப் போய்ச் சேர எத்தனை விநாடி என்று எண்ணுகிறேன்.

ஆட்டம் நின்றுவிட்டது, சுனாமிச் செய்தி ஏதும் வரவில்லை

கடலோரத்தில் இருப்பவர்கள் கருவியைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாத நேரம் இது. வீட்டு அலாரம் சொல்வது அதிர்வை. அலை பற்றிய செய்தி வேறொரு கணக்கிலிருந்து, நிமிடங்கள் கழித்து வருவது. அதுவும் தொடக்கத்தில் குறைவாக இருக்கக்கூடும். 2011-இல் மூன்றாவது நிமிடத்திலேயே வந்த முதல் சுனாமி எச்சரிக்கை, இவாதே கரைக்கு 3 மீட்டர் என்று சொன்னது. பிறகு அதை 10 மீட்டருக்கு மேல் என்று உயர்த்தினார்கள். அதற்குள் மின்சாரம் போய், உயர்த்திய செய்தி பலரைச் சென்று சேரவில்லை.

லேசான ஆட்டம்தானே என்பதும் ஆபத்தான கணக்கு. 1896 ஜூன் 15 அன்று ஜப்பானின் சான்ரிகு கரையில் உணரப்பட்ட நடுக்கம் மென்மையானது. யாரும் பதறவில்லை. பிறகு வந்த சுனாமியில் ஏறத்தாழ 22,000 பேர் மாண்டார்கள். வலு குறைவாக இருந்தாலும் மெதுவாக, நெடுநேரம் நீளும் ஆட்டம் கடலடியில் பெரிய பிளவு நடப்பதன் அடையாளமாக இருக்கலாம். 2004 டிசம்பர் 26 காலை நம் கரையில் சிலர் லேசான அதிர்வை உணர்ந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து அலை வந்தது. இடைப்பட்ட நேரத்தில் சொல்வதற்கு இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பே அப்போது இல்லை. அந்தக் காலையை நினைக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஆகவே கரையோரத்தில் பலமாகவோ, ஒரு நிமிடம் நீளும்படியோ ஆடினால், ஆட்டம் நின்றதும் மேட்டை நோக்கி நடங்கள். கடல் உள்வாங்குகிறதா என்று பார்க்கப் போகாதீர்கள். உள்வாங்காமலும் அலை வரும். முதல் அலை ஓய்ந்ததும் திரும்பாதீர்கள், அடுத்தடுத்த அலைகள் மணிக்கணக்கில் வரும், பெரியது பின்னாலும் வரலாம். அதிகாரிகள் எச்சரிக்கையை விலக்கும்வரை மேட்டிலேயே இருங்கள்.

எங்கள் தாளின் அடியில் நான்காவதாக ஓர் எண் பேனாவால் எழுதியிருக்கிறது. மாமியாரின் நடைவேகத்தில், இரவில், டார்ச் விளக்கோடு, வாசலிலிருந்து மேட்டுப் பள்ளிக்கூடத்தின் இரண்டாம் படிக்கட்டு வரை: 14 நிமிடம். உங்கள் வீட்டில் மிக மெதுவாக நடப்பவரோடு இந்த வாரமே நடந்து பார்த்து, உங்கள் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.